வீரம்மாவுக்குச் சொந்தமான பிளேன்

இலங்கை மலைநாட்டில், டயகமவுக்கு மேலே, தேயிலை முடிந்து புல்வெளி தொடங்குகிற உயரத்தில் ஒரு தோட்டம் இருந்தது. காகிதத்தில் அதற்கு ஏதோ ஸ்கொத்லாந்துப் பெயர். சொல்லிப் பார்த்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அக்கம்பக்கத்துச் சனங்கள் அதைப் பிளேன் தோட்டம் என்றுதான் சொன்னார்கள். அங்கே, தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரைக்குப் பக்கத்து லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில், குடியிருந்தவள் வீரம்மா. குடியிருந்த ஒற்றை அறைக் காம்பரா அவளுக்குச் சொந்தமில்லை. வாசலில் கீரை போட்டிருந்த துண்டு நிலம் சொந்தமில்லை. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம், பிறந்த நாடும் சொந்தமில்லை என்று சொல்லிவிட்டது. இத்தனையும் இல்லாத அந்தப் பொம்பளைக்கு ஓர் ஆகாய விமானம் மட்டும் சொந்தமாக இருந்தது.

விளையாட்டுப் பேச்சில்லை. மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு ஆசனம், மூக்கில் மரத்தால் செய்த காத்தாடி, எல்லாம் உள்ள பட்டாளத்து விமானம். சண்டைக் காலத்தில் பையன்களுக்குப் பறக்கப் பழக்கிக் கொடுத்தது அது. ஓர் ஆசனம் வாத்தியாருக்கு, ஒன்று மாணவனுக்கு. அப்படிப்பட்ட சாமான் கொழுந்து பறிக்கிற வீரம்மாவின் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டால், அதற்கு அவள் புருஷன் செத்த கதையைச் சொல்ல வேண்டும்.

வீரம்மா டயகமவில் பிறந்தவள். தாய் பறித்த மலையிலேயே தானும் பறித்தாள். வேகமான கை, அதைவிட வேகமான வாய். சோலைமலையைக் கட்டிக்கொண்டுதான் இந்தத் தோட்டத்துக்கு வந்தாள். அவன் ஸ்டோர் என்கிற தோட்டத்துத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற ரோலருக்குப் பக்கத்தில் வேலை செய்தவன். நெட்டையன், அகன்ற தோள்காரன். வீட்டில் அவன் பேசினால் பக்கத்து லயத்துக்குக் கேட்கும். கல்யாணமான மறுவருஷம் மீனம்மா பிறந்தாள்.

1949இல் புதுத் துரை வந்தார். யுத்தத்தில் விமான வாத்தியாராக இருந்தவர் என்பதால் சனங்கள் அவருக்குப் பட்டாளத்துத் துரை என்று பெயர் வைத்தார்கள். மற்றத் துரைமார் குதிரையும் நாயும் வளர்த்தார்கள். இவர், யுத்தத்தில் மிஞ்சிய சாமான்களை ஏலம் போட்டபோது, தான் பழக்கிக் கொடுத்த அதே சாதி விமானம் ஒன்றை வாங்கிவிட்டார். அதில் தன்னிடம் பழகிய பையன்களில் பாதிப் பேர் பர்மாச் சண்டையிலிருந்து திரும்பவில்லை என்று கண்டாக்கையா மரியநாயகத்திடம் ஒருநாள் சொன்னாராம். மலைவேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு மரியநாயகம் இங்கிலீஷ் தெரிந்தவர். துரைக்கும் சனங்களுக்கும் நடுவில் வாய் அவர்தான்.

பங்களாவுக்குக் கீழே புல்வெளியில் அது வந்து இறங்கிய நாளில் தோட்டமே அங்கே இருந்தது. பெரிய கங்காணி பொன்னையா மாலையும் சூடமும் கொண்டுவந்து, சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். அதன் உடம்பில், இது இலங்கை நாட்டு விமானம் என்று காட்டும் எழுத்துகளைக் கறுப்பாக எழுதியிருந்தார்கள். இங்கிலாந்தில் செய்து, இந்தியாவில் வேலை பார்த்து, கப்பலேறி வந்த மரமும் துணியும் ஒரே விண்ணப்பத்தில் இலங்கைக்காரனாகிவிட்டது. டயகமவில் பிறந்து டயகமவில் பல் முளைத்த வீரம்மாவுக்கு அந்த யோகம் இல்லை. இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

விமானத்துக்குத் தானாகப் புறப்படத் தெரியாது. முன்னால் ஓர் ஆள் நின்று காத்தாடியைக் கையால் சுற்றிவிட வேண்டும். தோளைப் பார்த்துச் சோலைமலையைத் துரை தெரிந்தெடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் அவன் வேலை. அதற்கு ஒரு முறை உண்டு. காத்தாடியைத் தொடுவதற்கு முன்னால் அவன் உரத்த குரலில், "சுவிச்சு ஆப்?" என்று கேட்க வேண்டும். உள்ளே உட்கார்ந்திருக்கும் துரை பார்த்துவிட்டு, "ஆப்!" என்று உரக்கப் பதில் சொல்ல வேண்டும். பிறகு எண்ணெய் இழுக்க மெல்லச் சுற்ற வேண்டும். அதன்பின் "சுவிச்சு ஆன்?" என்று கேட்டு, "ஆன்!" என்று பதில் வந்த பிறகு ஓங்கி ஒரு சுற்று. கேட்காமல் தொடவே கூடாது என்று துரை அவனிடம் சத்தியமே வாங்கியிருந்தார்.

வீட்டில் அகப்பையைக் காத்தாடியாக்கி அவன் வீரம்மாவுக்கு விளக்கினான்.

"ஆப்ல இருந்தா அது செத்த பாம்பு புள்ள. நம்ம மீனம்மாகூட சுத்தலாம். ஆன்ல இருந்தா லேசாத் தொட்டாப் போதும், போட்டுத் தள்ளிரும். அதனாலதான் நான் கேக்கணும், அவரு சொல்லணும்."

"நீங்க கேட்டு துரை பதில் சொல்லுவாராக்கும்?"

"சொல்லித்தான் ஆகணும். அந்த எடத்துல நான் சொல்றதுதான் சட்டம்."

அவன் பெருமையாகத்தான் சொன்னான். பெருமைப்பட இடமும் இருந்தது. துரை பாதையில் வந்தால் தலைத்துண்டை அவிழ்த்து, குடையை மடக்கி, பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டிய காலம் அது. அப்படிப்பட்ட துரையைப் பார்த்து ஒரு தொழிலாளி அதட்டுகிற மாதிரிக் கேட்கிறான், துரையும் வாத்தியாரிடம் பாடம் ஒப்பிக்கிற பிள்ளையாட்டம் பதில் சொல்கிறார்! முதல் ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்த்த சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. லயத்துப் பிள்ளைகள் அதை விளையாட்டாக்கி, "சுவிச்சு ஆப்?" "ஆப்!" என்று ஓடித் திரிந்தார்கள்.

சிரிப்பு பொன்னையாவின் காதுக்குப் போயிற்று. பெரிய கங்காணிக்கு அது பொறுக்கவில்லை. துரைக்கே மரியாதை குறைந்தால் தன் மரியாதை எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது அவருடைய கணக்கு. மறுநாள் விடியற்காலை, வேலைக்கு ஆட்களைப் பிரித்துவிடும் பெரட்டில், அத்தனை பேருக்கும் முன்னால் சோலைமலையை நிறுத்தினார்.

"துரைகிட்டயே கேள்வி கேக்குற அளவுக்கு வந்துட்டியாடா? அவரு சரியாத்தான் செஞ்சாரான்னு நீ பாக்குறியோ? ஒங்கப்பன் என்கிட்ட நிமிந்து பேசுனதில்ல. நீ துரைக்கு ஆடர் போடுற!"

"துரைதாங்க கேக்கச் சொன்னாரு."

"அவரு பெரிய மனுசன், சொல்லுவாரு. நமக்குப் புத்தி எங்க போச்சு?"

அன்றைக்கு அவனுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. பாதி நாள் கூலி போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோலைமலை குரலைத் தாழ்த்திக் கேட்டான். அதற்கடுத்த வாரங்களில் உதட்டை மட்டும் அசைத்தான். வருஷம் ஒன்று போனபோது, துரையின் முகத்தைப் பார்ப்பான், துரை தலையசைப்பார், அவன் தொடுவான். அவ்வளவோடு அந்த முறை நின்றுவிட்டது.

1952, தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. நுவரெலியாவிலிருந்து துரைக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். சோலைமலை சுற்றியதும் என்ஜின் பிடித்தது, இருமியது, நின்றுபோயிற்று. சுவிச்சை ஆப் பண்ணிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சுற்ற வேண்டும். கூட்டம் பார்த்தது இவ்வளவுதான்: சோலைமலை காத்தாடிக்கு முன்னால் போய் நின்றான். துரையைப் பார்த்தான். துரை கையைத் தூக்கினார். அவன் காத்தாடியின் மேல் கை வைத்து மெல்ல இழுத்தான். அது மெல்லச் சுற்றவில்லை. வீரம்மா பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் ஓடிவருவதைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

விசாரணை ஸ்டோர் மாடியில் நடந்தது. வெளியிலிருந்து வந்த அதிகாரி இங்கிலீஷில் கேட்டார், துரை இங்கிலீஷில் சொன்னார். காத்தாடியைத் தொடுமுன் ஆள் கேட்க வேண்டும் என்பது முறையா? ஆம். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தீர்களா? ஆம். அன்று அவன் கேட்டானா? இல்லை. மூன்றும் உண்மை. அதோடு கேள்வி முடிந்துவிட்டது.

கண்டாக்கையா விஷயத்தைத் தமிழில் சொன்னபோது மூலையில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த வீரம்மா எழுந்தாள்.

"ஐயா, சுவிச்சு நிப்பாட்டியிருந்தா அது எப்படி அடிச்சுச்சு? அதைக் கேளுங்க."

அதிகாரி நிமிர்ந்து, என்ன சொல்கிறாள் என்றார். மரியநாயகம் துரையின் முகத்தைப் பார்த்தார். துரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியநாயகம் நல்ல மனிதர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஆனால் அவருக்கும் வீடு தோட்டம் கொடுத்ததுதான். "அழுகிறாள், சேர்," என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டார். தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று எழுதிக்கொண்டு அதிகாரி போய்விட்டார்.

அது நடந்து கொஞ்ச நாளில் துரை லயத்துக்கு வந்தார். துரைமார் லயத்துக்குள் வருவது வழக்கமில்லை. கொள்ளைநோய் வந்தால் மருந்தடிப்பதைப் பார்க்க வருவார்கள். வீரம்மாவின் காம்பராவுக்கு முன்னால் நின்று, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"வீரம்மா, பிளேன் இனி உனக்கு. நான் ஓட்ட மாட்டேன். நீ வித்துக்கோ."

சனங்களுக்கு வாய் பிளந்தது. கழுத்தில் தாலி போனாலும் கையில் அதிர்ஷ்டம் வந்ததே என்றார்கள். வீரம்மா வேறு மாதிரி யோசித்தாள். தப்பில்லாதவர் எதற்குக் கொடுக்கிறார்? வாயைக் கட்டத்தானே கொடுக்கிறார்? வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், வேறொன்று கேட்டாள்.

"எனக்குன்னா எனக்குத்தானுங்களே? நான் எப்ப எடுக்கணும்னு நானே சொல்லலாமில்லீங்களா?"

"ஆமா. உன்னோடது."

"அப்ப அது அங்கேயே இருக்கட்டுங்க."

மறுநாளிலிருந்து ஆரம்பித்தாள். விமானம் நின்ற தகரக் கொட்டகை பங்களா வராந்தாவுக்கு நேர் கீழே இருந்தது. அந்தச் சாவுக்குப் பிறகு துரை அதன் கதவைச் சாத்திப் போட்டிருந்தார். வீரம்மா தினமும் பெரட்டுக்குப் போகிற வழியில் அந்த இரண்டு கதவையும் அகலத் திறந்துவைத்துவிட்டுப் போவாள். துரை காலைத் தேநீரை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வரும்போது காத்தாடி அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். மாலையில் மலையிலிருந்து திரும்பும்போது கொட்டகையைக் கூட்டி, இறக்கையைத் துடைத்து, கதவைச் சாத்துவாள். தன் சாமானைத் தான் பார்க்கிறாள், யார் என்ன சொல்ல முடியும்? பொன்னையா ஒருதரம் கதவைச் சாத்திவிட்டுத் துரையிடம் நல்ல பெயர் வாங்கப் போனார். "அது அவளோடது. தொடாதே," என்று துரை அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மட்டில் துரையும் சொன்ன சொல் தவறவில்லை. அரசாங்கக் காகிதத்தில் விமானம் அவர் பெயரில்தான் கிடந்தது. ஆனாலும் வாங்க வந்தவர்களிடமெல்லாம், "சொந்தக்காரியைக் கேள்," என்றார். அவர்கள் கொழுந்துக் கூடையோடு நின்ற சொந்தக்காரியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அவள் எதற்காக இப்படி அடம் பிடித்தாள்? பழிக்குப் பழியா? அது கொஞ்சம் இருந்திருக்கலாம். நானாக இருந்தால் கொட்டகைக்கு நெருப்பே வைத்திருப்பேன். அவளுக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது.

சோலைமலை செத்த வருஷமே பொன்னையா பெரட்டில் ஒரு பேச்சை ஆரம்பித்துவைத்தார். யாராவது கத்தியைப் போட்டுவிட்டால், கொழுந்தைச் சிந்திவிட்டால், "என்னடா, சோலைமலை வேலை பாக்குற?" என்பார். அது மலைக்குப் போயிற்று, ஸ்டோருக்குப் போயிற்று, அங்கிருந்து லயத்துக்கு வந்தது. கால் தடுக்கினால் சோலைமலை. பானை உடைந்தால் சோலைமலை. அவனைப் பார்த்திராத பிள்ளைகளும் புதிதாக வந்த மருமகள்களும் சொன்னார்கள். பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு, வீரம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறிக்கிறவள், அவள்கூட வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்வது வழக்கமில்லை. வீரம்மா வாழ்நாளில் ஒருதரமும் சொல்லாத பெயர், தோட்டம் முழுக்க வசவாகக் கிடந்து மிதிபட்டது.

ஒருநாள் கஞ்சி இறக்கும்போது வீரம்மாவின் கை நழுவிச் சட்டி சாய்ந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மீனம்மா கைகொட்டிச் சிரித்தாள்.

"என்னம்மா நீ, சோலைமலை வேலை பாக்குற!"

வீரம்மா சட்டியை அப்படியே விட்டாள்.

"அது யாரு பேருடி?"

பிள்ளை வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றது. பிறகு அதற்கு விளங்கிவிட்டது. தகப்பன் பெயர் என்று வீட்டில் தெரிந்த பெயரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்த வசவும் ஒன்றென்று அதுவரை அதற்குத் தோன்றியதேயில்லை. அம்மாவின் மடியில் விழுந்து அழுதது. வீரம்மா அடிக்கவில்லை. துரை வாயால் உண்மை வராமல் இந்தப் பேச்சு சாகாது, அது சாகாமல் தன் பிளேன் அந்த இடத்தைவிட்டு நகராது என்று அன்றைக்கு அவள் தீர்மானித்தாள்.

வருஷங்கள் ஓடின. இறக்கைத் துணியை எலி கடித்தது. வீரம்மா கோணிஊசியால் ஒட்டுப் போட்டாள். துரைக்குத் தலை நரைத்தது. மீனம்மா தொழிலாளியாகப் பேர் பதிந்து மலைக்குப் போனாள். 1964இல், சனங்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு பிரிக்க ஒப்பந்தமாகிவிட்டது என்று பெரட்டில் ஒரே பேச்சாக இருந்த நேரத்தில், துரையும் சீமைக்குப் போகிறார் என்ற செய்தி வந்தது. கொழும்புப் பக்கத்தில் விமானம் ஓட்டப் பழக்கிக் கொடுக்கிறவர்கள் அந்தப் பழைய விமானத்தைச் செப்பனிட்டு வைத்துக்கொள்ள விரும்பினார்கள். துரை இருக்கும்போதே கையெழுத்து வேண்டும்.

ஒரு பின்னேரம் துரை கொட்டகைக்கு இறங்கி வந்தார். கூட மரியநாயகம். வீரம்மா இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாவுக்குப் பிறகு துரை அந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. காத்தாடியைப் பார்க்காமல் பேசினார்.

"வீரம்மா, நான் போறேன். இதை அவங்களுக்குக் கொடு. காசு உனக்கு."

"ஒண்ணு கேக்கணும் துரை." அவள் கண்டாக்கையாவின் பக்கம் திரும்பினாள். "இந்தத் தடவ முழுங்காமச் சொல்லுவீங்களா ஐயா?"

மரியநாயகத்தின் முகம் கறுத்தது. "சொல்றேம்மா. கேளு."

"அன்னைக்கு அந்தச் சுவிச்சு ஆப்ல இருந்துச்சா, ஆன்ல இருந்துச்சா?"

மரியநாயகம் இங்கிலீஷில் சொன்னார். சொல்ல வேண்டிய தேவையே இல்லை. துரைக்குத் தமிழிலேயே விளங்கிவிட்டது. அப்போதுதான் காத்தாடியைப் பார்த்தார்.

"ஆன்," என்றார்.

இத்தனை வருஷம் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் கேட்டதும் வீரம்மா இறக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைப் பெரட்டுல வந்து சொல்லுங்க துரை. பிளேனக் குடுத்துர்றேன்."

"செத்தவன் செத்துட்டான், வீரம்மா. இப்ப என்னத்துக்கு?"

அப்போது மரியநாயகம் தாமாகவே பேசினார். தோட்டத்தில் அந்த மனிதனின் பெயர் என்னவாகக் கிடக்கிறது என்பதை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். துரைக்கு அது தெரிந்திருக்கவில்லை. துரைமாருக்குத் தெரியாமல் தோட்டத்தில் எவ்வளவோ இருக்கும். கேட்டுக்கொண்டிருந்த துரை திரும்பி மேட்டில் ஏறிப் போய்விட்டார். வீரம்மா கதவைச் சாத்தினாள். சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தாள்.

துரை புறப்படுகிற அன்று காலை பெரட்டுக் களத்தில் பனி கலையவில்லை. பெண்டுகள் இடுப்பில் சாக்குப் படங்கு கட்டி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிரையாக நின்றார்கள். பொன்னையா பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். துரை வந்தார். பிரியாவிடை சொல்ல வருகிறார் என்று பொன்னையா மாலைக்கு ஆள் அனுப்பினார். துரை கையால் தடுத்தார். மரியநாயகம் மொழிபெயர்க்க முன்னால் வந்தார். அவரையும் தடுத்தார்.

"எல்லாரும் கேளு," என்றார். "சோலைமலை தப்பு செய்யலை. சுவிச்சு நான் நிப்பாட்டலை. மறந்துட்டேன். நான் கையைத் தூக்கினது கண்ணாடி சரி பண்ண. அவன் சரின்னு நெனச்சான்."

துரை பொன்னையாவின் பக்கம் திரும்பினார்.

"முந்தி அவன் சத்தமாக் கேப்பான். பெரிய கங்காணி ஏசினான். அப்புறம் கேக்கலை. கேளுன்னு நான் சொல்லணும். சொல்லலை. துரையை யாரும் கேள்வி கேக்காம இருக்கிறது எனக்கும் நல்லா இருந்தது. விசாரணையில் கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன். சோலைமலை நல்ல வேலைக்காரன்."

சொல்லிவிட்டு அவர் வீரம்மாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் பங்களாவுக்குத் திரும்பி நடந்தார். பொன்னையா யார் முகத்தையும் பார்க்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, பெரட்டுக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

வீரம்மாவுக்கு மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. துரைக்குத் தெரிந்ததைத் துரை சொல்லிவிட்டார். அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அரைப்பேர் வாங்கிக்கொண்டு சோலைமலை வீட்டுக்கு வந்த அன்று, "விடு புள்ள, ஏசினா ஏசட்டும், நான் கேக்கத்தான் போறேன்," என்றுதான் சொன்னான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை இருக்கு, நமக்கு எதுக்குங்க வம்பு? மெல்லமாக் கேளுங்களேன்," என்று சொன்னவள் அவள். இத்தனை வருஷமும் அதை நினைவுக்கே வரவிடாமல் துரையோடு வழக்காடிக்கொண்டிருந்தாள். வழக்கு முடிந்துவிட்டது. இனி அதை நிறுத்திவைக்க ஒன்றும் இல்லை.

கூடை தலையிலிருந்து சரிந்து விழுந்தது. அவள் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். புருஷன் செத்த அன்று, உடலை விசாரணைக்குக் கொண்டுபோக அவசரப்படுத்தியபோது வாயடைத்துப்போய் நின்றவள், பன்னிரண்டு வருஷம் கழித்துப் பெரட்டுக் களத்தில் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

"மெல்லக் கேளுன்னு சொன்னேனே – என் ராசா
மெதுவாக் கேளுன்னு சொன்னேனே
வெள்ளத் துரைக்குப் பயந்துகிட்டு – உன்
வாய நானே அடைச்சேனே..."

முதலில் அம்மாக்கண்ணு கூடையை இறக்கிவைத்தாள். வந்து வீரம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்து மீனம்மா. பிறகு நிரை கலைந்தது. அந்தப் பெயரை வசவாகச் சொன்ன பெண்டுகள், சிரித்த பெண்டுகள், அவனைக் கண்ணால் காணாத இளசுகள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, சாவு வீட்டில் செய்வதுபோல் தோளில் தோள் சாய்த்து அழுதார்கள். ஆண்கள் தள்ளிப்போய்க் குந்தினார்கள். வெயில் மலையில் இறங்கியது. வேலைக்குப் போங்கள் என்று சொல்ல அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

விமானத்தைக் கழற்றி ஏற்றிப் போக லொறி வந்து புல்வெளியில் நின்றது. மரியநாயகம் தயங்கித் தயங்கி அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் வந்தார்.

"வீரம்மா, அவங்க வந்துட்டாங்க. சொந்தக்காரி சொல்லாம நான் அதைத் தொட விடமாட்டேன். என்ன சொல்ல?"

அவள் அம்மாக்கண்ணுவின் தோளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"எடுத்துட்டுப் போகச் சொல்லுங்கய்யா," என்றாள். "எனக்கு இப்பத்தான் எழவு விழுந்திருக்கு."